சத்துவாச்சாரி வாசிப்புப் பயிற்சி வகுப்பு: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறான், நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் முழிக்கிறான். ஐந்தாம் வகுப்பு தாண்டிய பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது. இதற்கென்றே வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில் வார இறுதி வகுப்பு நடக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, நோட்டீஸ் கிடையாது, ஒரு அம்மா சொல்லி இன்னொரு அம்மா சேர்ப்பதுதான். அவர்களே பெயர் வைத்துக்கொள்ளாததால் இங்கேயும் பெயர் இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தமிழ் வகுப்பு கொடுக்கிற காசுக்குத் தகும். ஆங்கில வகுப்பு தகாது. எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைக்கு இது இடமில்லை, அங்கே என்னதான் ‘சேர்த்துக்கலாம், போகப்போகச் சரியாயிடும்’ என்று சொன்னாலும்.

மொத்தம் 8 வாரம். சனிக்கிழமை தமிழ், ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலம், மாலையில் ஒன்றரை மணி நேரம். இரண்டுக்கும் சேர்த்து 2,400 ரூபாய், நோட்டும் அட்டைக் கட்டும் அதிலேயே அடக்கம். தமிழ் மட்டும் போதும் என்றால் 1,400. இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். 5 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஒரு பேட்ச்சுக்கு 12 பேர்.

சொல்லித்தருவது இரண்டே வேலை. படிப்பதை மனதுக்குள் காட்சியாகப் பார்ப்பது ஒன்று. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லி, வந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொன்று. இரண்டும் இவர்கள் கண்டுபிடித்தவை அல்ல. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மனக்காட்சி அமைக்கப் பழக்கினால் படித்த கதை கூடுதலாக நினைவில் நிற்கிறது என்று கல்வி உளவியலாளர் மைக்கேல் பிரெஸ்லி 1976-லேயே காட்டினார். ஊகித்தல், கேள்வி எழுப்புதல், புரியாததைத் தெளிவாக்கிக்கொள்ளுதல், சுருக்கிச் சொல்லுதல் என்ற நான்கையும் ஆசிரியரும் மாணவரும் மாறி மாறிச் செய்யும் முறையை அன்மேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984-ல் வெளியிட்டார்கள். இந்த வகுப்பு அந்த நான்கில் முதலாவதை மட்டும் எடுத்து, மனக்காட்சியோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. மற்ற மூன்றும் அவ்வப்போது தலைகாட்டும், அவ்வளவுதான்.

கையில் தருகிற சாமான் எளிமையானது, ஆனால் யோசித்துச் செய்தது. வாசிப்பு அட்டை 40, ஒவ்வொன்றிலும் 120 முதல் 180 சொல்லுக்குள் ஒரு பத்தி. பத்தியின் குறுக்கே மூன்று அல்லது நான்கு இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. மேலே வைத்து மூடிக்கொண்டு கீழே நகர்த்த ஒரு சாம்பல் நிற மூடி அட்டை. நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டம்: ‘தெரிவது’, ‘வரப்போவது’, ‘வந்தது’. சிவப்புக் கோடு வந்ததும் பிள்ளை நிறுத்தி முதல் இரண்டு கட்டத்தை நிரப்ப வேண்டும். அடுத்த கோடு வரை படித்துவிட்டு மூன்றாவதை நிரப்ப வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு வரிதான், அதற்கு மேல் எழுத இடமே விடவில்லை. நல்ல ஏற்பாடு. இடம் விட்டால் பிள்ளைகள் அங்கேயே கட்டுரை எழுத ஆரம்பித்துவிடும்.

கோடு போட்டிருக்கிற இடங்களைப் பார்த்தாலே போட்டவருக்கு விஷயம் தெரியும் என்று புரிகிறது. வாக்கியம் முடிகிற இடத்தில் எல்லாம் நிறுத்தவில்லை, இரண்டு வழி பிரியும் இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சி பற்றிய அட்டையை எடுத்துக்கொள்ளலாம். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு வந்த இடத்தில் முதல் கோடு. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்ட இடத்தில் இரண்டாவது. கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டு போகிற இடத்தில் மூன்றாவது.

அந்த மூன்றாவது கோட்டில் நடப்பதுதான் இந்த வகுப்பின் உயிர். ‘அடுத்து என்ன வரும்?’ என்று மிஸ் கேட்பார். ‘படை வரும்’ என்று ஏழெட்டுக் குரல் எழும். உடனே அடுத்த கேள்வி: ‘எந்த வரியை வெச்சுச் சொல்றே? விரல் வை.’ பிள்ளை ஆற்காடு என்ற சொல்லில் விரல் வைக்கும். ‘ஆற்காட்டுல இருந்து இங்க எவ்ளோ நேரம்?’ ‘பஸ்ல முக்கா மணி மிஸ்.’ ‘அன்னிக்கு பஸ் இருந்துச்சா?’ இப்போது பிள்ளை தன் மனதில் ஓடிய காட்சியைக் கலைத்துவிட்டுக் குதிரையைக் கொண்டுவருகிறது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம், அதுவரை கோட்டைக்குள் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுகிறது. மூடி அட்டையை நகர்த்தினால் அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்த ஆங்கிலேயப் படைத் தலைவர் கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்தது தெரிகிறது. ‘சாயங்காலம் வரும்’ என்று எழுதிய பிள்ளை ‘வந்தது’ கட்டத்தில் ‘மாறியது: காலையிலேயே வந்தது’ என்று எழுதுகிறது. ஊகம் தப்பாகப் போனதற்கு மதிப்பெண் குறைவதில்லை, ‘மாறியது’ எழுதாவிட்டால்தான் நோட்டு திரும்பி வரும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்றால், ஊகிக்கச் சொல்லித்தருகிற பல இடங்களில் ‘சூப்பர்’ என்று கைதட்டி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிள்ளை தன் ஊகத்தைக் கட்டிக்கொண்டே மீதியைப் படிக்கும். பத்தி வேறு சொன்னாலும் தான் நினைத்ததையே அதில் படிக்கும். கேள்விக்குப் பதிலாகத் தன் கதையைச் சொல்லும். விரல் வைக்கச் சொல்வதும் ‘மாறியது’ எழுதச் சொல்வதும் இந்த நோய்க்கு நேரடி மருந்து.

மனக்காட்சியிலும் இதே கண்டிப்பு உண்டு. கோட்டை என்றதும் வேலூர்ப் பிள்ளைக்கு வருவது இன்றைய கோட்டை: புல்வெளி, செல்ஃபி எடுக்கும் கூட்டம், சுண்டல் வண்டி. ‘இதுல 1806-ல இல்லாததை அழி’ என்று மிஸ் சொல்வார். தெரிந்த ஊர் என்பது உதவியும்தான், இடைஞ்சலும்தான். இதைக் காட்டவே ஓர் அட்டை வைத்திருக்கிறார்கள். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைச் சொல்லும் பழைய வழக்கு அதில் இருக்கிறது. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அப்பா அம்மாவோடு போய் வந்த பிள்ளைகள் ‘தப்பு மிஸ், சாமி இருக்கு’ என்று சண்டைக்கு வருவார்கள். அடுத்த கோட்டுக்குக் கீழேதான் விடை: 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியது, வழக்கு அதற்கு முந்தையது. தனக்குத் தெரிந்ததும் எழுத்தில் இருப்பதும் மோதினால் அவசரப்பட்டு எதையும் தள்ளாமல் மேலே படிக்க வேண்டும் என்பதை இதைவிட நன்றாக ஒரு பத்தியில் சொல்ல முடியாது.

நான்காவது வாரத்தில் வருகிற ‘பிழைப் பத்தி’களும் அருமை. வேண்டுமென்றே முரண் வைத்து எழுதியவை. அமாவாசை இரவு என்று முதல் வரியில் இருக்கும், ஐந்தாவது வரியில் நிலா வெளிச்சத்தில் அகழித் தண்ணீர் மின்னும். காட்சியாகப் பார்க்கிற பிள்ளை அங்கே தடுக்கி நிற்கும், வெறும் சொற்களாக ஓட்டுகிற பிள்ளை தாண்டிப் போய்விடும். நான்காம் ஐந்தாம் வகுப்பில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை வைத்து லிண்டா கேம்பிரெலும் ரூபி பேல்ஸும் 1986-ல் செய்து பார்த்தது இதைத்தான். மனதில் படம் போட்டுப் படி என்று சொல்லப்பட்டவர்கள் இப்படிப்பட்ட முரண்களை மற்றவர்களைவிட அதிகம் கண்டுபிடித்தார்கள். தனக்குப் புரியவில்லை என்பதே பிள்ளைக்குப் புரியாமல் இருப்பதுதான் பாதிப் பிரச்சினை. அதற்கு இந்தப் பத்திகள் வேலை செய்கின்றன.

இனி, வேறு எங்கும் கிடைக்காத சமாச்சாரம். இங்கே தமிழ் வாக்கியத்தைத் தமிழ் வாக்கியமாகவே நடத்துகிறார்கள். வெளிநாட்டு முறையைக் கொண்டுவந்து போடும்போது பலரும் கோட்டை விடுகிற இடம் இது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. அடைகள் எல்லாம் முன்னால் வந்து, ஆள் பின்னால் வருகிறார். ‘கோட்டை வாசலில் நின்ற காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்த சிப்பாயைக் கூப்பிட்ட அதிகாரி சிரித்தார்.’ சிரித்தது யார் என்று கேட்டால் காவலாளி என்கிற பிள்ளைகள் கணிசம். காரணம், முதலில் வந்த ஆளை மனதில் நிறுத்திக் காட்சியை அங்கேயே பூட்டிவிடுகிறார்கள். ‘கடைசி ஆளைப் பிடி, அங்கிருந்து பின்னாலே வா’ என்பது வகுப்பின் விதி. வினைமுற்றைத் தொட்டு, அதற்கு உரிய ஆளைத் தொட்டு, ஒவ்வொரு பெயரெச்சமாகப் பின்னோக்கி வர வேண்டும்: அதிகாரி, அவர் கூப்பிட்ட சிப்பாய், சிப்பாய் பேசிய காவலாளி, காவலாளி நின்ற வாசல். இரண்டு வாரம் இப்படிப் பழகினால் போதும், நீண்ட வாக்கியத்தைக் கண்டு மிரளுவது குறைகிறது.

அதே போல எழுவாய் மறைந்து வரும் இடங்கள். ‘அம்மாவும் தாத்தாவும் வாசலுக்கு வந்தார்கள். கதவைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. பையைத் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.’ தட்டியது யார், உட்கார்ந்தது யார்? விகுதியைப் பார்க்காமல் படிக்கும் பிள்ளை அம்மாவையே தட்டவும் வைக்கும், உட்காரவும் வைக்கும்.

ஊகத்துக்கு இன்னும் நல்ல பிடி, வினையெச்சங்களின் வால். ‘பாலாற்றில் வெள்ளம் வந்தால்’ என்று நிறுத்தினால் ‘கிணறு நிறையும்’ என்கிற பிள்ளை, ‘பாலாற்றில் வெள்ளம் வந்தாலும்’ என்று நிறுத்தினாலும் அதையே சொன்னால் அங்கே கவனிக்க வேண்டும். ஒரு ‘உம்’ வந்தவுடன் எதிர்பார்ப்பு தலைகீழாக வேண்டும். ‘மூன்று முறை கூப்பிட்டும்’ என்றால் வரவில்லை என்று காது எதிர்பார்க்க வேண்டும். ‘முன்பே சொல்லியிருந்தால்’ என்றால் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்துவிட வேண்டும். பேச்சில் இதெல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி, அச்சில் பார்க்கும்போதுதான் நழுவுகிறது. இதற்கென்று 60 அரை வாக்கியங்கள் கொண்ட தனித் தாள் ஒன்று தருகிறார்கள். தினம் ஐந்து வீதம் வீட்டில் வாயால் முடிக்க வேண்டும். தருகிறவற்றில் உருப்படியான ஒரே வீட்டுப்பாடம் அதுதான்.

குறைகளுக்கு வருவோம்.

சேர்க்கும்போது வைக்கிற சோதனை போதாது. ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை வாசிக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது என்று பிலிப் கஃபும் வில்லியம் டன்மரும் 1986-ல் சொன்னார்கள். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடை பூஜ்யம். எழுத்துக்கூட்டுவதிலேயே மூச்சு வாங்கும் பிள்ளைக்கு மனதில் படம் ஓட்ட இடமே மிஞ்சாது. சேர்க்குமுன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இதுவரை நடத்தாத பாடத்தில் 100 சொல் எண்ணி வாசிக்கச் சொல்லுங்கள். பத்துக்கு மேல் தவறினால் இந்த வகுப்பு வேண்டாம், முதலில் எழுத்துப் பயிற்சி. ஐந்துக்குள் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். பிறகு அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டும் புரியவில்லை என்றால் பிரச்சினை சொல்வளத்தில் இருக்கிறது. அதற்கும் இங்கே பெரிதாக ஒன்றுமில்லை, அட்டையின் பின்புறம் நாலைந்து அருஞ்சொல் பொருள் தவிர.

தலைப்பை மறைத்துக் கொடுப்பது அடுத்த தவறு. ஊகம் சுவாரசியமாக இருக்கட்டும் என்று எல்லா அட்டையிலும் தலைப்பைப் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறார்கள். கதைக்கு இது பரவாயில்லை. தகவல் பத்திக்குக் கூடாது. துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியை, எதைப் பற்றியது என்று சொல்லாமல் படித்துக் காட்டிப் பார்த்தார்கள் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும், 1972-ல். முன்கூட்டியே விஷயம் சொல்லப்பட்டவர்களுக்குப் புரிந்தது, நினைவிலும் நின்றது. பின்னால் சொன்னதால் ஒரு பயனும் இல்லை. தோல் பதனிடுவது பற்றிய அட்டையில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த தொழில்தான். தலைப்பு இல்லாததால் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பதைப் படித்துவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடிப்பது என்று ஒரு பாதி எழுதுகிறது. வாங்கின உடனே தகவல் அட்டைகளில் தலைப்பை முன்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே மருந்து கொடுப்பதும் சரியில்லை. கதை, வரலாறு, பயணம், செய்முறை இவற்றுக்கு மனக்காட்சி பொருந்தும். அடிப்படை உரிமைகள் பற்றிய பத்திக்கு மனதில் படம் போடச் சொன்னால் பிள்ளை நீதிமன்றக் கட்டடத்தையும் வக்கீலின் கறுப்பு அங்கியையும்தான் பார்க்கும், உரிமை என்ன என்பது படத்தில் வராது. அங்கே செய்ய வேண்டியது, அந்த உரிமை மீறப்படும் ஒரு சின்னச் சம்பவத்தைப் பிள்ளையைச் சொல்லவைப்பது. ஒளிச்சேர்க்கை மாதிரிப் பாடத்துக்குப் புத்தகத்தில் இருக்கும் வரைபடத்தை எதிரே வைத்து, வரிக்கு வரி அதில் விரல் வைப்பதே மேல். கண்ணால் பார்க்காததைச் சரியாக மனதில் வரைய முடியாது.

இன்னொன்று, படம் வரைவது. ஆறாவது வாரத்தில் ‘மனதில் பார்த்ததை வரை’ என்று ஒரு வகுப்பு. கொத்தளம், கொடி, பீரங்கி என்று நுணுக்கமாக வரைவதிலேயே அரை மணி ஓடிவிடுகிறது, பத்தி மறந்துபோகிறது. இரண்டு நிமிடம், குச்சி மனிதர்கள், அம்புக்குறி, அவ்வளவுதான் என்று கட்டுப்படுத்த வேண்டும். கலர் பென்சிலைப் பையிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னால் இன்னும் நல்லது.

‘எனக்கு எதுவும் தெரியல மிஸ்’ என்று சொல்லும் பிள்ளையைக் கையாளும் விதமும் திருந்த வேண்டும். ‘நல்லா கண்ணை மூடிப் பாரு’ என்று அழுத்துகிறார்கள். சிலருக்கு மனக்கண்ணில் படம் வரவே வராது. அதற்கு ‘அஃபன்டேசியா’ என்று ஆடம் ஸீமன் 2015-ல் பெயரே வைத்தார். அது நோயும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் ‘என்ன தெரியுது?’ என்பதற்குப் பதில் ‘யார் எங்க நிக்கிறாங்க? யார் பக்கத்துல யார்? என்ன சத்தம்?’ என்று கேட்டால் சரியாகச் சொல்லும். மேஜைமேல் நாலு அழிரப்பரை வைத்து ஆள் நிறுத்தச் சொன்னாலும் போதும்.

ஆங்கில வகுப்பைப் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். தெரியாத சொல் வந்தால் முதல் எழுத்தையும் படத்தையும் பார்த்து ஊகி என்கிறார்கள். ‘ஹார்ஸ்’ என்று இருப்பதை ‘ஹவுஸ்’ என்று படித்துவிட்டு வீடு ஓடியது என்று எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது கேடு. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது புரிதல். அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று எழுத்தைப் பார்க்காமல் அடித்துவிடுவது சோம்பல். தமிழ் வகுப்பில் இவ்வளவு தெளிவாக இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் இப்படி ஆகிவிடுகிறார்கள் என்பது புரியவில்லை.

அறை தகரக் கூரை. வேலூர் ஏப்ரல், மே வெயிலில் நாலு மணிக்கு அங்கே உட்காருவது தண்டனை. மின்விசிறிச் சத்தத்தில் கடைசி வரிசைக்குக் கேட்பதும் இல்லை. ஜூன் பேட்ச்சுக்குப் பிறகு சேர்ப்பது உத்தமம்.

அட்டைக் கட்டைத் தனியாக விற்பதில்லை, ஆனால் பெரிய நஷ்டமில்லை. லாங் பஜாரில் ஒரு சார்ட் அட்டை வாங்கி, பாடப்புத்தகத்தின் அகலத்துக்கு வெட்டினால் மூடி அட்டை ஆயிற்று. நீங்கள் முதலில் பாடத்தைப் படித்து, ‘ஆனால்’, ‘இருந்தும்’, ‘அப்போது’ மாதிரித் திருப்பம் வருமுன் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். வரிக்கு வரி நிறுத்தினால் பத்தியின் ஓட்டம் செத்துவிடும், பிள்ளைக்கும் எரிச்சல் வரும். ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். மூன்று வாரம் கழித்துக் கோடு போடுவதை நிறுத்திவிட்டு, எங்கே நிறுத்துவது என்று பிள்ளையையே முடிவு செய்யச் சொல்லுங்கள். வகுப்பில் இந்தக் கடைசிப் படியை எட்டாவது வாரத்தில்தான் தொடுகிறார்கள், அதுவும் ஒரே ஒரு அட்டைக்கு. கோடு இல்லாத பரீட்சைத் தாளில் உரைப்பகுதியைப் படித்து விடையளிக்கப் போகிற பிள்ளைக்கு அது ஐந்தாவது வாரத்திலேயே வேண்டியது. சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் இந்த ஒரு படியை வீட்டில்தான் பழக்க வேண்டியிருக்கும்.